முடியும் என்று சொல்லும்போது

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஃபின்லாந்தில் ஜூலை மாதம். இரவு ஒன்பது மணி ஆகியும் வெளிச்சம் மறையவில்லை. ஏரிக்கரையில் ஒரு சிறிய மரவீடு. வீட்டின் எதிரே, தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் ஒரு பலகை மேடை. அதன்மேல் ஐந்து பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் முதலில் குதித்துவிட்டு, மற்ற நால்வரையும் கைகாட்டி அழைக்கிறாள். நால்வரும் வெவ்வேறு நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். எல்லாருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம். ஆகவே, நால்வரும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். நால்வர் சொல்வதும் ஒரே வாக்கியம்தான்: “ஐ கேன்ட் சுவிம்.”

முதல் பையன் நீச்சல் கற்றுக்கொண்டதே இல்லை. இரண்டாவது பெண் நன்றாக நீந்துவாள். ஆனால், அவள் கையில் மாவுக்கட்டு. மூன்றாமவனுக்கு நீச்சலும் தெரியும், உடலும் நலமாக இருக்கிறது. பெரியவர்கள் யாரும் கரையில் இல்லாதபோது தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறார். நான்காமவள் காலையிலிருந்து ஏரியிலேயே கிடந்தவள். இப்போது கையைத் தூக்கவும் தெம்பில்லை.

தண்ணீரில் இருக்கும் பெண்ணுக்கு இந்த நான்கு காரணங்களும் தெரிய வேண்டும். முதல் பையனை விளையாட்டாகத் தள்ளிவிட்டால் அவன் உயிருக்கே ஆபத்து. மூன்றாமவனுக்கு ஒரு பெரியவரை அழைத்து வந்தால் போதும். நான்காமவளை நாளைக்கு அழைக்கலாம். ஆனால், அவள் காதில் விழுந்தது ஒரே வாக்கியம்.

அந்த நால்வரும் அவளுடைய தாய்மொழியில் பேசியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. ஃபின்னிய மொழியில் அவர்கள் நான்கு வெவ்வேறு வினைச்சொற்களைச் சொல்லியிருப்பார்கள்.

‘கேன்’ மூன்றே எழுத்துகள் கொண்ட ஆங்கிலச் சொல். ஆங்கிலம் கற்கத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே இதைக் கற்றுக்கொள்கிறோம். பிறகு ஒருபோதும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. நம் ஊரிலோ அது தனி வாக்கியமாகவே ஆகிவிட்டது. உணவங்காடியில் “சர்க்கரை குறைவாகப் போட்டுத் தர கேன் ஆர் நாட்?” என்று ஒருவர் கேட்பார், கடைக்காரர் “கேன்!” என்பார். உரையாடல் முடிந்துவிடும். மலாய் மொழியின் ‘போலே’ என்ற சொல்லும் இதே வேலையைச் செய்கிறது. ஆற்றலுக்கும் அதுதான், அனுமதிக்கும் அதுதான்.

(தகரக் குவளையைக் குறிக்கும் ‘கேன்’ என்ற பெயர்ச்சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. அதற்கும் ஃபின்னிய மொழியில் ஒரே சொல் கிடையாது. குளிர்பானம் வரும் டின் ‘தொல்க்கி’, உணவை அடைத்த டின் ‘புர்க்கி’, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ‘கன்னு’. அந்தக் ‘கேன்’ வேறு, நாம் பேசும் ‘கேன்’ வேறு. அதை இத்துடன் விட்டுவிடுவோம்.)

ஆங்கிலத் துணைவினையாகிய ‘கேன்’ தொடக்கத்தில் இவ்வளவு பொருள்களைச் சுமக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் ‘குன்னன்’. அதன் பொருள் ‘அறிதல்’, ‘தெரிந்திருத்தல்’. உடல் வலிமையால் ஒன்றைச் செய்ய இயலும் என்று சொல்ல அன்று வேறொரு சொல் இருந்தது. அந்தச் சொல்லின் வழிவந்ததுதான் இன்று நாம் அனுமதி கேட்கப் பயன்படுத்தும் ‘மே’. நாளடைவில் ‘கேன்’ தன் எல்லையைத் தாண்டி, முதலில் ‘மே’ நின்ற இடத்தைப் பிடித்தது. பிறகு அனுமதி கேட்கும் இடத்துக்கும் வந்துவிட்டது. “கேன் ஐ கோ டு தி டாய்லெட்?” என்று கேட்ட மாணவரை, “ ‘மே ஐ’ என்று கேள்” என்று ஆங்கில ஆசிரியர்கள் திருத்துவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் இருப்பது பல நூற்றாண்டுக் கதை.

ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மன் இன்னும் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஜெர்மன் தெரிந்த ஒருவர் “இஹ் கன் டொய்ச்” என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘நான் ஜெர்மன் முடியும்’ என்பது போல நமக்கு ஒலிக்கும். உண்மையில் அவர் சொல்வது, ‘எனக்கு ஜெர்மன் தெரியும்’.

இனி ஃபின்லாந்துக்குப் போவோம். அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 5.6 மில்லியன். ஃபின்னிய மொழி ஆங்கிலம், ஜெர்மன், சுவீடிஷ் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எஸ்தோனியமும் ஹங்கேரியமும் அதன் உறவுமொழிகள். நீண்ட காலம் சுவீடனின் ஆட்சியிலும், 1809ஆம் ஆண்டிலிருந்து ரஷ்யாவின் ஆட்சியிலும் இருந்த அந்நாடு 1917இல் விடுதலை பெற்றது. அம்மொழியின் முதல் அச்சு நூலான எழுத்துப் பாடநூலை மிக்கேல் அக்ரிகோலா என்பவர் 1543ஆம் ஆண்டுவாக்கில் வெளியிட்டார். ஆக, அந்த மொழியின் அச்சு வரலாறும் ஒரு பாடநூலில்தான் தொடங்குகிறது. பாடநூல் எழுதும் வேலையில் இருப்பதால் எனக்கு இந்தச் செய்தியில் தனி மகிழ்ச்சி.

‘கேன்’ என்ற சொல்லை ஃபின்னிய மொழியில் பெயர்க்க உட்காரும் ஒருவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எதனால் முடியும்?’ என்பது.

கற்றுக்கொண்டதனால் முடியும் என்றால் ‘ஒஸத்தா’. நீந்த, சைக்கிள் ஓட்ட, பியானோ வாசிக்க, பூட்டைத் திறக்கும் வித்தை அறிய என எல்லாவற்றுக்கும் இதுதான். இதில் ஓர் அழகு உண்டு. “நான் ஃபின்னிய மொழி பேசுவேன்” என்று சொல்ல அவர்களுக்குப் ‘பேசு’ என்ற சொல் தேவையில்லை. “ஒஸான் ஸுஒமெஆ” என்றாலே போதும். தமிழில் “எனக்குத் தமிழ் தெரியும்” என்று நாம் சொல்வதும் அப்படித்தான். ஒரு வீட்டுக்குப் போகும் வழி தெரியுமா என்று கேட்பதற்கும் அவர்கள் இதே சொல்லைப் பயன்படுத்துவார்கள்.

சூழ்நிலையோ உடல்நிலையோ இடம்கொடுப்பதனால் முடியும் என்றால் ‘வொய்டா’. மாவுக்கட்டுப் போட்ட பெண்ணின் சொல் இது. அவளுக்கு ‘ஒஸத்தா’ இருக்கிறது, ‘வொய்டா’ இல்லை. உடல்நலத்தைப் பற்றி விசாரிப்பதற்கும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அந்நாட்டில் வெறும் இலக்கண விளையாட்டாக இருக்க முடியாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புள்ள ஏரிகளே அங்கு ஏறத்தாழ 188,000 இருக்கின்றன. ‘நீச்சல் தெரிந்தவர்’ யார் என்பதற்கு ஃபின்லாந்து உள்ளிட்ட வட ஐரோப்பிய நாடுகள் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. ஆழமான நீரில் விழுந்து, தலையை நீருக்கு மேலே கொண்டுவந்த பிறகு, தொடர்ந்து 200 மீட்டர் நீந்த வேண்டும். அதில் 50 மீட்டர் மல்லாந்து நீந்த வேண்டும். நீச்சல் குளத்தின் ஆழமில்லாத ஓரத்தில் நாலு முறை கைவீசியவர் “எனக்கு நீச்சல் தெரியும்” என்று அங்கே சொல்லிக்கொள்ள இயலாது.

அனுமதி கிடைத்ததனால் முடியும் என்றால் ‘ஸாடா’. இந்தச் சொல்லின் முதற்பொருள் ‘பெறுதல்’. பிறந்தநாளுக்குப் பரிசு பெறுவதும் ‘ஸாடா’தான், ஏரியில் இறங்க அனுமதி இருப்பதும் ‘ஸாடா’தான். தமிழிலும் அனுமதியைப் ‘பெறுகிறோம்’ அல்லவா? “ஸாங்கோ?” என்று ஒரு குழந்தை கேட்டால், ‘எனக்குக் கிடைக்குமா?’ என்றும் பொருள்; ‘நான் செய்யலாமா?’ என்றும் பொருள். ஃபின்லாந்தில் மின்கணப்புகளின்மேல் “எய் ஸா பெயித்தா” என்ற சிறிய வாசகத்தைக் காணலாம். ‘மூடக் கூடாது’ என்பது அதன் பொருள். ஈரத் துணியை அதன்மேல் காயப்போட்டால் தீப்பிடிக்கும். மூட எல்லாராலும் முடியும். ஆனால், மூடக் கூடாது. இந்த இடத்தில் சொல் மாறினால் எச்சரிக்கையே இல்லாமல் போய்விடும்.

இந்த மூன்றோடு நின்றிருந்தால், இதற்காக ஒரு பாடம் எழுதியிருக்க மாட்டேன். ஃபின்னிய மொழி இன்னும் உள்ளே போகிறது.

தெம்பு இருப்பதனால் முடியும் என்றால் ‘யக்ஸா’. ஏரியிலேயே கிடந்து களைத்த நான்காமவளின் சொல் இது. உடல் தெம்புக்கும் உண்டு, மனத்தெம்புக்கும் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் கடைசிச் சுற்றில் தள்ளாடும் ஒருவரைப் பார்த்துக் கூட்டம் “யக்ஸா, யக்ஸா!” என்று கத்தும். துன்பத்தில் இருக்கும் நண்பரிடம், ‘எப்படித் தாக்குப்பிடிக்கிறாய்?’ என்று கேட்பதற்கும் இந்தச் சொல்லிலிருந்து ஒரு கேள்வி இருக்கிறது.

நேரம் இருப்பதனால் முடியும் என்றால் ‘எஹ்தியா’. பேருந்தைப் பிடித்துவிட்டாலும் இதுதான். ஓடி வந்தும் தவறவிட்டால் இதன் எதிர்மறை. இணைப்பாட நடவடிக்கை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் உங்களுக்கு மிகவும் பயன்படும் சொல் இது என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘வீத்ஸியா’. ஒரு வேலையைச் செய்யத் தெரியும், தெம்பும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, யாரும் தடுக்கவும் இல்லை. ஆனாலும், எழுந்து போய்ச் செய்யத் தோன்றவில்லை. அந்த நிலையைச் சொல்ல ஃபின்லாந்து மக்களிடம் ஒரு தனி வினைச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு நாலைந்து சொற்கள் வேண்டும். தமிழில் எப்படிச் சொல்வோம்? பல நாள் யோசித்தேன். பிறகு ஒரு நாள் என் அம்மா தொலைபேசியில் யாரிடமோ, “இதுக்குப் போய் யார் மெனக்கெடுறது?” என்று சொல்வது காதில் விழுந்தது. அதுதான்! ‘மெனக்கெடு’ என்பது ஏறக்குறைய அதே சொல். ஒருவரிடம் உதவி கேட்கும்போதும் ஃபின்லாந்து மக்கள், ‘சன்னலைத் திறக்க மெனக்கெடுவீர்களா?’ என்பது போல இந்த வினையைப் பணிவாகப் பயன்படுத்துவதுண்டு.

‘ராஸ்கியா’ என்றொரு சொல் இருக்கிறது. செலவழிக்கவோ ஒன்றைக் கைவிடவோ மனம் வருவதைக் குறிப்பது அது. பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். வீட்டில் பாட்டிமார் காலியான பிஸ்கட் டின்களை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? “தூக்கிப் போட மனசு வரலை” என்பார்கள். ஃபின்லாந்துப் பாட்டியாக இருந்தால் இந்தச் சொல்லைத்தான் சொல்வார். ஒரு பையில் பத்துப் புத்தகம் வைக்க முடியும் என்பதற்கு ‘மஹ்துவா’. இதற்கு நம்மிடமும் நேரான சொல் இருக்கிறது: “இந்தப் பையில் பத்துப் புத்தகம் கொள்ளும்.”

கடைசியாக ‘கெஹ்டத்தா’. கூச்சமோ வெட்கமோ தடுக்காததால் ஒன்றைச் செய்ய முடிவதை இது குறிக்கும். இதன் எதிர்மறை, ‘கூச்சத்தால் என்னால் செய்ய முடியவில்லை’ என்பது. இந்தச் சொல்லுக்குப் பின்னர் வருகிறேன்.

ஃபின்னிய மொழி எல்லாவற்றையும் கச்சிதமாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். அன்றாடப் பேச்சில் ‘வொய்டா’ சில வேளைகளில் அனுமதிக்கும் வரும். ‘அது நடக்கக்கூடும்’ என்ற பொருளிலும் அதுவே வரும். அதன் ஒரு வடிவமான ‘வொய்’ என்பது ‘முடியும்’ என்று பொருள்படும். அதே ஒலியுடைய பெயர்ச்சொல்லுக்கு ‘வெண்ணெய்’ என்று பொருள். வருத்தத்தில் ‘ஐயோ’ என்பதற்கும் ‘வொய்’தான். வெண்ணெய் தீர்ந்துபோன காலைப் பொழுதில் அம்மொழியைக் கற்கும் வெளிநாட்டவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஃபின்னிய வாக்கியங்களைப் பார்க்கும் தமிழருக்கு, எங்கோ பார்த்த முகம் போலத் தோன்றுவது இயல்பு. ‘ஒஸாத்’ என்பது ‘உனக்குத் தெரியும்’. அதன் இறுதியில் ‘கோ’ சேர்த்து ‘ஒஸாத்கோ?’ என்றால் கேள்வி. ‘தெரியும்’ என்பதோடு ‘ஆ’ சேர்த்துத் ‘தெரியுமா?’ என்கிறோமே, அதைப் போல. பதில் சொல்லும்போதும் அவர்கள் வினையையே திருப்பிச் சொல்வார்கள். ‘தெரியுமா?’ ‘தெரியும்.’ எதிர்மறையில் ‘மாட்டேன், மாட்டாய், மாட்டான்’ என்று ஆளுக்கேற்ப நாம் மாற்றுகிறோம். அவர்களுடைய எதிர்மறைச் சொல்லும் ‘என், எத், எய்’ என்று ஆளுக்கேற்ப மாறுகிறது. “கேன் யூ ஹியர் மீ?” என்பதை அவர்கள் “கூலெத்கோ?” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ‘முடியும்’ என்பதற்கு அங்கே வேலையே இல்லை. தமிழில் “கேட்கிறதா?” என்பதும் அப்படித்தான். இணையவழிப் பாடங்களில் “நான் பேசுவதைக் கேட்க முடிகிறதா?” என்று சிலர் கேட்பது ஆங்கிலத்தின் நிழல்.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டுதான் ராபர்ட் கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்கும் ஃபின்னிய மொழி உள்ளிட்ட ஒரு பெருங்கூட்டத்துக்கும் உறவு இருக்கலாம் என்று கருதினார். இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அந்தக் கருத்தை ஏற்பதில்லை. இரண்டும் ஒட்டுநிலை மொழிகள். சொல்லின் இறுதியில் ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் இயல்புடையவை. உறவில்லாத இருவர் ஒரே மாதிரி நடப்பதைப் போன்றது இது.

சரி, நம் தமிழில் ‘கேன்’ என்னவாகிறது?

ஏரிக்கரைக்குத் திரும்பிப் போய், அந்த நால்வரையும் தமிழில் பேசச் சொல்வோம். “எனக்கு நீச்சல் தெரியாது.” “என்னால் நீந்த முடியாது.” “நான் நீந்தக் கூடாது.” “நீந்தத் தெம்பில்லை.” பாருங்கள், நமக்கும் நான்கு வாக்கியங்கள் கிடைக்கின்றன. இன்னும் நுட்பமாகப் பார்த்தால், ‘தெரியும்’ என்பதற்கு முன் ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமை வருகிறது. ‘முடியும்’ என்பதற்கு முன் ‘என்னால்’ என்ற மூன்றாம் வேற்றுமை வருகிறது. அறிவு எனக்கு வந்து சேர்கிறது. செயல் என்னால் நடக்கிறது. இந்த வேறுபாடு ஃபின்னிய மொழியில்கூட இல்லை. அங்கே இரண்டுக்கும் ‘நான்’தான் எழுவாய். இவை தவிர, ‘எனக்குப் பாட வரும்’ என்கிறோம். ‘மழை பெய்யக்கூடும்’ என்கிறோம். ‘நீ போகலாம்’ என்கிறோம்.

அதாவது, ‘கேன்’ என்ற ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டிய தேவை தமிழுக்கு இருந்ததில்லை. ஆனால், நம் வகுப்பறைகளில் என்ன நடக்கிறது? “டீச்சர், தண்ணி குடிக்க முடியுமா?” என்று ஒரு மாணவர் கேட்கிறார். தொண்டையில் ஏதும் கோளாறு இல்லாவிட்டால், அவரால் குடிக்க முடியும். அவர் கேட்க நினைத்தது, “தண்ணீர் குடிக்கலாமா?” என்பது. “எனக்கு கிட்டார் வாசிக்க முடியும்” என்று கட்டுரையில் எழுதுகிறார்கள். ‘எனக்கு’ என்பது ‘தெரியும்’ என்பதற்கு உரியது. ‘முடியும்’ என்பது ‘என்னால்’ என்பதற்கு உரியது. இரண்டு வாக்கியங்கள் மோதி ஒன்றாகிவிட்டன. மனத்துக்குள் முதலில் ‘கேன்’ என்றோ ‘போலே’ என்றோ தோன்றி, அதற்கு ஈடாக ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுவதால் வரும் விளைவு இது. இரண்டு மூன்று மொழிகளில் வாழும் எல்லாருக்கும் இது நேரும். எனக்கும் நேரும்.

“சன்னலைத் திறக்க முடியுமா?” என்று பணிவாக உதவி கேட்பதையும் சிலர் தவறு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இன்று தமிழ் வழங்கும் எல்லா ஊர்களிலும் பழகிவிட்டது. கேட்பவருக்குப் பொருள் மயங்குவதும் இல்லை. மயங்கும் இடங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஆசிரியராக இருந்த காலத்தில் நான் அப்படி மயங்கிய ஓர் இடம் உண்டு. உயர்நிலை இரண்டில் ஒரு மாணவன். பள்ளி விழாவில் தமிழில் ஒரு சிறிய பேச்சு பேச அவனைத் தேர்ந்தெடுத்திருந்தேன். நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு. விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, “முடியாது டீச்சர்” என்றான். பேச்சு மனப்பாடமாகவில்லை என்று நினைத்து, பள்ளி முடிந்த பிறகு தினமும் அரைமணி நேரம் அவனை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னான். “பார், முடிகிறதே!” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. விழாவன்று அவன் பள்ளிக்கு வரவில்லை. பொறுப்பில்லாத பையன் என்று மற்ற ஆசிரியர்களிடம் குறைப்பட்டுக்கொண்டேன்; மறுநாள் வகுப்பிலும் கடிந்துகொண்டேன்.

அப்போது நான் பகுதிநேரமாக முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். உடன் படித்தவர்களில் ஒருவர் ஃபின்லாந்திலிருந்து வந்தவர். ஒரு மாலை, வகுப்பில் நான் ஒரு கட்டுரையைப் படைக்க வேண்டிய முறை வந்தது. “என்னால் இன்றைக்கு முடியாது” என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “எந்த ‘முடியாது’?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் தன் குறிப்பேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தன் மொழியின் வினைச்சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னார். அறிவு இல்லை, தெம்பு இல்லை, நேரம் இல்லை, மெனக்கெட மனமில்லை. கடைசியில் ‘கெஹ்டத்தா’. கூச்சம் விடவில்லை. “எங்கள் ஊரில் பிள்ளைகள் இதை அடிக்கடி சொல்வார்கள். வகுப்பில் கைதூக்கிப் பேசச் சொன்னால்” என்றார்.

அன்றைக்கு என் ‘முடியாது’ எதுவென்று எனக்கு நினைவில்லை. அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் அந்த மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது. பள்ளிப் பேருந்தில் தன் நண்பர்களுக்கு அந்தப் பேச்சை அவன் குரல் ஏற்றி இறக்கிச் சொல்லிக் காட்டினான் என்று வேறொரு மாணவி முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு ‘ஒஸத்தா’ இருந்தது. இல்லாத ஒன்றுக்கு நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம், பத்து நாள்.

அதே ஆண்டு மூன்றாம் தவணையில் வகுப்பில் ஒரு வாய்மொழிப் பயிற்சி வந்தது. தலைப்பைக் கொடுத்ததும் அவன் வழக்கம்போல, “முடியாது டீச்சர்” என்றான். இந்த முறை நான் அவனை வெளித் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்க் கேட்டேன்.

“என்ன பேசணும்னு தெரியலையா? இல்லை, எல்லார் முன்னாலயும் பேசக் கூச்சமா இருக்கா?”

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

“ரெண்டாவது, டீச்சர்.”

நூலகத்தின் பின்மூலையில் ஒரு வட்டமேசை உண்டு. அவனே தேர்ந்தெடுத்த மூன்று நண்பர்களும் நானும் அங்கே உட்கார்ந்தோம். அவன் நின்றுகொண்டே பேசினான். முதல் இரண்டு வாக்கியங்கள் எனக்கே கேட்கவில்லை. பிறகு குரல் மெல்ல எழுந்தது. நடுவில் ஓரிடத்தில் தடுமாறினான். நண்பர்களில் ஒருவன் சிரித்தான். அவனும் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அடுத்த வாரம் அதே மேசையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.